ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய சம்பளக் கணக்கு

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ் நிற்கிற பக்கம் போனால் ஏதாவது ஒரு தூணில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கும். 'ஆண், பெண் உடனடி வேலை. சம்பளம் 19,000. ரூம், சாப்பாடு, பஸ் வசதி உண்டு.' கீழே ஒரு செல் நம்பர்.

அந்த 19,000 எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஓசூரில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீசில் ஆறு வருஷம் சம்பள ஷீட் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் நானே ஒரு ஏஜென்டிடம் 3,000 ரூபாய் கொடுத்து லைனில் வேலைக்குச் சேர்ந்தவன். ரெண்டு பக்கமும் பார்த்ததால் இதை எழுதுகிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரை, பர்கூர் என்று எங்கிருந்து வருகிற பிள்ளைகளும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "கையில எவ்ளோண்ணா வரும்?" சரியான கேள்விதான். அதற்கு வருகிற பதில்தான் முக்கால்வாசி நேரம் வேறு ஏதோ கேள்விக்கான பதிலாக இருக்கிறது.

படி 1: அனுப்புகிறவர் எந்த வகை?

'ஏஜென்சி' என்று ஒரே பேரில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒன்று, கன்சல்டன்சி. ஆளைக் காட்டிக்கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. நீங்கள் கம்பெனியின் ரோலிலேயே, அதாவது அவர்கள் ஊழியர் பட்டியலிலேயே, சேர்வீர்கள். இவர்களுக்குக் கம்பெனி ஒரே தடவை காசு கொடுக்கும். பரவலாக இருக்கிற ரேட், ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். நீங்கள் ரெண்டு மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால் அவர்கள் இலவசமாக வேறு ஆள் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். சேர்ந்த புதிதில் கன்சல்டன்சிக்காரர் அடிக்கடி போன் பண்ணி "எப்படி இருக்கீங்க தம்பி" என்று விசாரிப்பதும், நூறு நாள் தாண்டியதும் உங்கள் நம்பரையே மறந்துவிடுவதும் இதனால்தான்.

ரெண்டாவது, கான்ட்ராக்டர். வேலை கம்பெனிக்குள்ளே, ஆனால் நீங்கள் கான்ட்ராக்டர் ரோலில். சம்பளம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் அவர் பேரில். ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் ஆலைகளுக்குப் போகிறவர்களில் ஏராளமானவர்கள் இந்த வகையில்தான் போகிறார்கள். கான்ட்ராக்டருக்குக் கம்பெனி மாதாமாதம், தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும்.

மூன்றாவது, ஊரில் இருக்கிற 'ஏஜென்ட் அண்ணன்'. லைசென்சும் இல்லை, ஆபீசும் இல்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் கான்ட்ராக்டர் வாசலில் இறக்கிவிடுவார். அவருக்குக் கான்ட்ராக்டர் தலைக்கு ஒரு தொகை தருவார். உங்களிடமும் கேட்பார்.

யார் எந்த வகை என்று தெரிய ஒரு கேள்வி போதும்: "என் பே ஸ்லிப்புல யார் பேர் இருக்கும்?" கேள்வி கேட்டதும் இழுத்தால், அவர் மூன்றாவது வகை.

படி 2: சேரும் முன் காசு கேட்டால்

கொடுக்காதீர்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் 181-வது உடன்படிக்கை 1997-லேயே சொல்லிவிட்டது: வேலை தேடுகிறவரிடம் ஏஜென்சி நேராகவோ சுற்றி வளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது. கொள்கையை விடுங்கள். கீழே நான் போட்டுக்காட்டுகிற கணக்கில், உங்களுக்காக ஏஜென்சி ஏற்கெனவே கம்பெனியிடம் காசு வாங்குவதைப் பார்ப்பீர்கள்.

'சர்வீஸ் சார்ஜ்' என்று நேராகக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது அது ரெஜிஸ்ட்ரேஷன், மூன்று நாள் டிரெய்னிங், மெடிக்கல், ஐ.டி. கார்டு, ஷூ டெபாசிட் என்று பேர் மாற்றி வருகிறது. என் 3,000 'போலீஸ் வெரிஃபிகேஷன்' என்ற பேரில் போனது. எந்தப் போலீசும் என்னைப் பற்றி எங்கள் ஊரில் விசாரிக்கவில்லை. நாலாவது மாதம் கேட்டபோது அந்த அண்ணன் போனே எடுக்கவில்லை.

உண்மையிலேயே யூனிஃபார்முக்கோ மெடிக்கலுக்கோ செலவு இருந்தால், "முதல் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க, ஸ்லிப்புல காட்டுங்க" என்று சொல்லுங்கள். நேர்மையான ஆபீஸ் சரி என்று சொல்லிவிடும். அப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ரொக்கமாக வேண்டாம். ஜிபே-யில், எதற்கு என்று எழுதி அனுப்புங்கள். ஆளையே பார்க்காமல் வாட்ஸ்அப்பில் மட்டும் பேசி, காசு வாங்கிக்கொண்டு மறைந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை ஒப்படைக்கவே கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். காசைவிட இது முக்கியம். மார்க் ஷீட் மாட்டிக்கொண்டதால் பிடிக்காத வேலையில் எட்டு மாதம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

காசில்லாத வழிகளும் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது. தமிழக அரசின் தனியார் வேலை இணையதளத்தில் பதிவு செய்யவும் கட்டணம் இல்லை.

படி 3: சொல்கிற எண் எந்த எண்?

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஒரே வேலைக்கு நாலு எண் உண்டு: கம்பெனி கான்ட்ராக்டருக்குக் கொடுப்பது, கான்ட்ராக்டருக்கு உங்களால் ஆகிற செலவு, பே ஸ்லிப்பில் மேலே இருக்கிற மொத்தச் சம்பளம் (கிராஸ்), உங்கள் பேங்க் கணக்கில் விழுவது. நோட்டீசில் இருப்பது பெரும்பாலும் ரெண்டாவது எண்.

உதாரணத்துக்கு ஒரு ஷீட். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, கணக்கு முறை நிஜம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 12,000. வீட்டு வாடகைப்படி 3,000. இதர படி 1,000. மொத்தம் 16,000.

உங்கள் பக்கம் பிடித்தம்: பி.எஃப். 12,000-ல் 12 சதவீதம், 1,440. ஈ.எஸ்.ஐ. 16,000-ல் 0.75 சதவீதம், 120. மிச்சம் 14,440. ஹாஸ்டலுக்கு 1,500, கேன்டீனுக்கு 600 பிடித்தால் கையில் 12,340.

கான்ட்ராக்டர் பக்கம்: 16,000 போக, பி.எஃப். பங்கும் அதோடு சேர்ந்த இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணமும் 12,000-ல் 13 சதவீதம், 1,560. ஈ.எஸ்.ஐ. 16,000-ல் 3.25 சதவீதம், 520. போனஸ் 12,000-ல் 8.33 சதவீதம், 1,000. கூட்டினால் 19,080. தூணில் ஒட்டியிருந்த 19,000 இதுதான்!

கணக்கு இங்கேயும் முடியவில்லை. இதன்மேல் கான்ட்ராக்டர் தன் சர்வீஸ் சார்ஜைப் போடுவார். 8 சதவீதம் என்று வைத்தால் 1,526. ஆக 20,606. அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 3,709. கம்பெனிக்குப் போகிற பில் 24,315.

உங்கள் தலைக்கு மாதாமாதம் 1,526 ரூபாய் கான்ட்ராக்டருக்கு வருகிறது. அது உங்கள் சம்பளத்திலிருந்து எடுப்பது கிடையாது, கம்பெனி தனியாகத் தருவது. நியாயமான கூலிதான், ஆள் பார்க்க, ரிஜிஸ்டர் எழுத, பி.எஃப். கட்ட அவருக்கும் ஆபீஸ் வேண்டும். ஆனால் அதற்கு மேல் உங்களிடமும் 3,000 கேட்டால், ஒரே மாட்டை ரெண்டு பேருக்கு விற்கிற கதை.

அதனால் போனில் இப்படிக் கேளுங்கள்: "கிராஸ் எவ்ளோ, பேசிக் எவ்ளோ, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஹாஸ்டல், கேன்டீன் எல்லாம் போக பேங்க்ல எவ்ளோ விழும்?" பதிலை வாட்ஸ்அப்பில் டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொல்கிறவர் எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், ஏன் முக்கியம்? சில இடத்தில் அதே 16,000-ஐ பேசிக் 5,000, படிகள் 11,000 என்று பிரித்திருப்பார்கள். பி.எஃப். 600 தான் பிடிக்கும், கையில் கூட வருகிற மாதிரி சந்தோஷமாக இருக்கும். ஆனால் முதலாளி பங்கும் 1,440-லிருந்து 600 ஆகிவிடுகிறது. மாதம் 840, வருஷத்துக்கு 10,080 ரூபாய் உங்கள் கணக்கில் சேராமல் போகிறது. எல்லாருக்கும் பொதுவாகத் தருகிற படிகளையும் பி.எஃப்.க்குச் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியதைச் சம்பளமாகவே கணக்கிடச் சொல்கின்றன. 16,000-ல் 5,000 பேசிக் என்று இனி எழுதினாலும் 8,000-க்காவது பி.எஃப். கட்ட வேண்டும்.

குறைந்தபட்சக் கூலி இன்னொரு அளவுகோல். தமிழக அரசு தொழில்வாரியாக நிர்ணயிக்கிறது, அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் மாறும். ஏப்ரல் மாத ஸ்லிப்பில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். கம்பெனி அந்த உயர்வைக் கொடுத்து, கான்ட்ராக்டர் ஷீட்டில் பழைய ரேட்டே ஓடிக்கொண்டிருக்கிற மாதங்களும் உண்டு.

போனஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. மாதாமாதம் ஸ்லிப்பிலேயே 'போனஸ் 1,000' என்று காட்டிக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு "உங்களுக்குத்தான் மாசாமாசம் குடுத்தாச்சே" என்பார்கள். சேரும்போதே கேட்டுவிடுங்கள், போனஸ் 16,000-க்கு உள்ளேயா வெளியேயா என்று. வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனசுக்குத் தகுதி உண்டு, பாதியில் நின்றவர்களுக்கும்.

படி 4: ஓ.டி. கணக்கு

இங்கேதான் அதிகம் காசு நழுவுகிறது. ஃபேக்டரியில் ஓவர்டைமுக்கு இரட்டிப்பு ரேட் என்பது சட்டம். 16,000-ஐ 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்தால் மணிக்கு சுமார் 77 ரூபாய். ஓ.டி.க்கு 154 வர வேண்டும். பல கான்ட்ராக்ட் ஷீட்டுகளில் 77 தான் ஓடும். சில இடத்தில் பேசிக்கை மட்டும் வைத்து, 30 நாளால் வகுத்து, ஒரு மடங்கு கொடுப்பார்கள். 12,000-ஐ 30-ஆல் வகுத்து 8-ஆல் வகுங்கள், 50 ரூபாய்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு தடவை காவேரிப்பட்டினத்துப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் ஒரு சின்ன அன்ரூல்டு நோட்டு. தேதி, ஷிஃப்ட், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாம் வரிசையாக. கடைசி பத்தியில் சூப்பர்வைசரின் இனிஷியல். "அக்கா, இந்த மாசம் 36 மணி ஓ.டி., நீங்க 2,772 போட்டிருக்கீங்க, 5,544 வரணும்" என்று எங்கள் மேடத்திடம் சொன்னாள். மேடம் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி, ஆனால் ஷீட்டின் ஃபார்முலா அப்படி இல்லை.

நீங்களும் அந்த நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் குறித்தாலும் போதும். பஞ்ச் மெஷின் அவர்களுடையது, நோட்டு உங்களுடையது.

படி 5: பிடித்தங்கள்

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வராத நாளுக்குப் பிடித்தம், வாங்கிய அட்வான்ஸ், நீங்கள் ஒப்புக்கொண்ட ஹாஸ்டல், கேன்டீன் இவை சரி. அரையாண்டுக்கு ஒரு தடவை உள்ளாட்சிக்குத் தொழில் வரி வரலாம். முதலாளியின் பி.எஃப். பங்கையும் ஈ.எஸ்.ஐ. பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கவே கூடாது. ஸ்லிப்பில் பி.எஃப். ரெண்டு தடவை கழிந்திருந்தால் அன்றைக்கே கேளுங்கள்.

அபராதத்துக்கு வரம்பு உண்டு, அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. ஒரு நாள் வராததற்கு மூன்று நாள் சம்பளம் வெட்டுவது இந்தக் கணக்கில் எங்கேயும் பொருந்தாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அட்டெண்டன்ஸ் போனஸ் மட்டும் தனி: ஒரு நாள் லீவுக்கே மொத்தமாகப் போய்விடும் என்ற நிபந்தனையோடுதான் அதைக் கொடுக்கிறார்கள். அதனால் மாதச் சம்பளத்தில் அதைக் கூட்டாமலே கணக்குப் போடுங்கள்.

'டிரெய்னி', 'அப்ரண்டிஸ்' என்று சேர்த்தால் இந்தக் கணக்கே மாறும். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவான பயிற்சியாளருக்கு உதவித்தொகைதான், பி.எஃப். கிடையாது. அரசு அப்ரண்டிஸ் தளத்தில் உங்கள் பேரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவே இல்லாமல் 'டிரெய்னி' என்று மட்டும் சொல்லி லைனில் நிறுத்தியிருந்தால், நீங்கள் செய்வது சாதாரண வேலை, சம்பளமும் அப்படித்தான் வர வேண்டும்.

ஜூஜூவாடி மாநில எல்லை தாண்டினால்

ஓசூரில் இன்டர்வியூ, ஓசூரில் ரூம், வேலை மட்டும் அத்திப்பள்ளியில், பொம்மசந்திராவில், ஜிகணியில் என்று பலர் போகிறார்கள். வேலை நடக்கிற இடம் கர்நாடகம் என்றால் கர்நாடகக் குறைந்தபட்சக் கூலிதான் பொருந்தும். ஆபீஸ் எந்த ஊரில் என்பது கணக்கில்லை. புகார் சொல்ல வேண்டியதும் அந்த மாநிலத் தொழிலாளர் துறையிடம். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்தான், ஆனால் சம்பள ஷீட் வேறு. தமிழ்நாட்டு ரேட்டைப் போட்டு அங்கே ஆள் அனுப்பினால், வித்தியாசம் யாருக்குப் போகிறது என்று யோசியுங்கள்.

படி 6: முதல் மாதம் முடிந்ததும்

சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும். ஸ்லிப் கேட்டு வாங்குங்கள், பி.டி.எஃப். ஆக வந்தாலும் சரி. பிறகு மத்திய அரசின் உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். யு.ஏ.என்.னோடு (உங்கள் பி.எஃப்.க்கான நிரந்தர எண்) இணைத்த நம்பரிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் எஸ்.எம்.எஸ். வரும்.

பாஸ்புக்கைப் பார்த்துப் பயந்து போன் பண்ணாதவர்களே குறைவு. "எனக்கு 1,440 பிடிச்சிருக்காங்க, கம்பெனி 440 தான் கட்டியிருக்குண்ணா!" விஷயம் இதுதான்: முதலாளி கட்டுகிற 12 சதவீதத்தில் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போகிறது. 12,000-க்கு அது 1,000. மிச்சம் 440 உங்கள் பி.எஃப். கணக்குக்கு. பென்ஷன் பத்தியில் அந்த 1,000 இருந்தால் கணக்கு சரி. மூன்று மாதமாக எதுவுமே ஏறவில்லை, ஆனால் ஸ்லிப்பில் 1,440 கழிகிறது என்றால்தான் ஆபத்து.

ஏற்கெனவே எங்காவது வேலை செய்திருந்தால் பழைய யு.ஏ.என்.ஐக் கொடுங்கள். ஒவ்வொரு கான்ட்ராக்டரும் புதிது திறந்தால், மூன்று கணக்கில் காசு சிதறி, பென்ஷனுக்கு வேண்டிய 10 வருஷம் சேராது.

வெளிநாட்டு ஏஜென்சி

இது தனிக் கட்டுரைக்கு உரியது, ரெண்டு வார்த்தை மட்டும். வெளிநாட்டு வேலைக்கு 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் கட்டணம் வாங்கலாம், ஆனால் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400-க்கு மேல் போகக் கூடாது. ரசீது கட்டாயம். மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு எண்ணைத் தட்டிப் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்டு, விசிட்டிங் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படி 7: நிற்கும்போது

ராஜினாமாவை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கொடுங்கள். புதிய சட்டத் தொகுப்புப்படி ரெண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும். "அடுத்த மாச பில்லோட வரும்" என்பது ஆபீஸ் வழக்கம்தான், நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். போனஸ் பங்கு, எடுக்காத லீவுச் சம்பளம், டெபாசிட் மூன்றையும் பேர் சொல்லிக் கேளுங்கள். பி.எஃப்.-ல் விலகிய தேதி போடாமல் இழுத்தால், கடைசியாகக் காசு ஏறி ரெண்டு மாதம் ஆனபின் நீங்களே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம்.

படி 8: தரவில்லை என்றால்

முதலில் கான்ட்ராக்டருக்கு எழுத்தில். ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கம்பெனியின் எச்.ஆர்.க்கு. கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் கம்பெனி தர வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. கான்ட்ராக்டர்கள் பயப்படுவது இந்த ஒரு வரிக்குத்தான், ஏனென்றால் கம்பெனி அந்தக் காசைக் கொடுத்துவிட்டு அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும்.

அடுத்தது மாவட்டத் தொழிலாளர் துறை, தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுத்தாலும் அங்கேதான் வந்து சேரும். முதல்வரின் உதவி எண் 1100-க்கும் போன் பண்ணலாம். பி.எஃப். விஷயம் மட்டும் தனி, அதற்கு பி.எஃப். அலுவலகத்தின் ஆன்லைன் புகார்த் தளம், அல்லது ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் அவர்கள் நடத்துகிற முகாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. எங்கே போனாலும் மனுவின் நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அந்தக் காவேரிப்பட்டினத்துப் பெண் இவ்வளவு தூரம் போகவில்லை. நோட்டின் 11 மாதப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பக்க மனுவோடு கம்பெனி எச்.ஆர். மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். பதினைந்தாம் நாள் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஓ.டி. ஃபார்முலாவை மாற்றச் சொன்னார். அவளுக்கு மட்டுமா சார் என்று கேட்டேன். அந்த லைனில் இருந்த 43 பேருக்கும் என்றார். அன்றைக்கு ராத்திரி பத்தரை வரை ஆபீசில் உட்கார்ந்து அரியர் ஷீட் போட்டேன், எனக்கு ஓ.டி. இல்லாமல்.